கோட் ஓடினால் போதாது: வன்னியில் புரோகிராமிங் கற்பிக்கிறவர்களுக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் குறுகியகாலக் கோடிங் பூட்கேம்ப் நடத்துகிறவர்களுக்கும் நடத்த யோசிக்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு. 20 பிள்ளைகள், 12 வாரம், சனி ஞாயிறு காலை மூன்றரை மணித்தியாலம், மொழி பைதன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 84 மணித்தியாலம். இணையத்தளம், ஆப், தரவுத்தளம் என்று எல்லாவற்றையும் இதற்குள் அடைக்கலாம் என்று விளம்பரம் போடுகிறவர்கள் உண்டு. அடைக்கலாம்தான், ஆனால் பிள்ளையின் தலைக்குள் ஒன்றும் நிற்காது.

இப்படிப்பட்ட வகுப்பு தவறிப்போகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் வாரம் திரையில் உள்ளதைப் பார்த்து அடிக்கிறார்கள், ஓடுகிறது, எல்லாருக்கும் சந்தோசம். மூன்றாம் வாரம் லூப் (ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓடவைக்கும் கட்டளை) வரும்போது பின்வரிசை மௌனமாகிறது. ஐந்தாம் வாரம் கதிரைகள் காலியாகத் தொடங்குகின்றன. லூப் கஷ்டமான பாடம் என்று பழியை அதன்மேல் போடுவது வழக்கம். கோளாறு முதல் வாரத்திலேயே நடந்துவிட்டது. ஒரு வரியைக் கணினி வாசித்தால் உள்ளே எது மாறும் என்று பிள்ளையால் சொல்ல முடியாத நிலையில், ஓடுகிற கோட்டைப் பார்த்து ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறார். ஆகவே கீழே வரும் எல்லாமே ஒரு வேலைக்காகத்தான்: பிள்ளை அடிப்பதற்கு முன் என்ன நினைக்கிறது என்பதை வெளியே கொண்டுவந்து பார்ப்பது.

(பைதன் கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் வழமைபோல ஆங்கில எழுத்தில்தான் அடிக்கவேண்டும்.)

திகதி, கணினி, கரண்ட்

காலபோக அறுவடை மாசி, பங்குனியில் வரும். அந்த நேரம் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. குளங்கள் நிரம்பி உள்வீதிகளில் வெள்ளம் ஏறினால் துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு வழியில்லை. மே நடுப்பகுதியில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரத்தில் முடிப்பது வசதி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலை ஒட்டிய வார இறுதியில் முல்லைத்தீவுப் பிள்ளைகளை எதிர்பார்க்கவேண்டாம். அந்த வாரத்துக்குப் புதுப்பாடம் வைக்காமல் மீட்டலை வையுங்கள். வகுப்பு முடியும் நேரத்தை பஸ் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடைசி அரை மணித்தியாலம் பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த அரை மணித்தியாலம் இல்லாததுதான்.

மென்பொருளுக்கு ‘தொனி’ என்ற, கோட் எழுதி ஓட்டும் செயலி போதும். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்கக்காரருக்கென்றே உருவானது. பைதன் அதற்குள்ளேயே இருப்பதால் ஒரே இன்ஸ்டோலரைப் பென்டிரைவில் கொண்டுபோய் எல்லா லப்டொப்பிலும் போட்டுவிடலாம், இணையம் தேவையில்லை. 4 ஜிபி ரம் உள்ள பழைய லப்டொப்பும் தாங்கும். அதன் மாறிகள் ஜன்னலை முதல் நாளே திறந்து வையுங்கள். எந்தப் பெயரில் என்ன பெறுமதி இருக்கிறது என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். ‘விஎஸ் கோட்’ என்ற பெரிய செயலியைப் பத்தாம் வாரத்துக்குப் பிறகு பார்க்கலாம்.

வட்ஸப் குழுவில் கோட்டை எழுத்தாக அனுப்பாதீர்கள். நட்சத்திரக் குறிகளுக்கு இடையில் வருவதைத் தடித்த எழுத்தாகக் காட்டும்போது அந்தக் குறிகளே மறைந்துவிடும். வேர்ட் கோப்பில் குறிப்பு எழுதிக் கொடுத்தால் நேர் மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறிவிடும். பைதன் அதை ஏற்காது. முதல் வாரப் பிள்ளைக்கு அந்தப் பிழையைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. பைதன் கோப்பாகவே, ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

கரண்ட் போகும். ஒவ்வொரு வகுப்புக்கும் 20 தாள் பயிற்சி அச்சடித்துக் கைவசம் வைத்திருந்தால் வகுப்பு நிற்காது. உண்மையில் கீழே சொல்லும் பயிற்சிகளில் முக்கியமானவை கணினி இல்லாமலே செய்யக்கூடியவை.

யார் யாரோடு இருப்பது

உயர்தரத்தில் ஐசிடி படித்தவர்கள் பைதனை ஏற்கெனவே தொட்டிருப்பார்கள். சாதாரண தரத்தோடு ஐசிடியை விட்டவர்களுக்குப் பாஸ்கல் கொஞ்சம் நினைவிருக்கலாம். கலை, வர்த்தகப் பிரிவிலிருந்து வருகிறவர்கள் முதல் தடவை அடிப்பார்கள். ஒரே அறையில் மூன்று கூட்டமும் இருக்கும். சேர்க்கும்போது ஆறு கேள்வியுள்ள ஒரு தாள் கொடுங்கள்: ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு வரிக் கோட், கடைசியில் என்ன அச்சாகும் என்ற கேள்வி. சான்றிதழைவிட இது உண்மையைச் சொல்லும். சோடி சேர்க்கும்போது புள்ளி நெருங்கியவர்களைச் சேருங்கள். கெட்டிக்காரரைக் கஷ்டப்படுகிறவரோடு இருத்தினால் நல்லது என்று தோன்றும். நடப்பது என்னவென்றால் ஒருவர் அடிப்பார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். சோடிக்கு ஒரு கீபோர்ட், 15 நிமிடத்துக்கு ஒருமுறை கைமாற்றம். மணி அடித்து மாற்றுங்கள், அவர்களாக மாறமாட்டார்கள்.

முதல் ஏழு மணித்தியாலம்: சமன்குறி

பாடசாலைக் கணிதத்தில் பன்னிரண்டு வருடம் சமன்குறியைப் பார்த்தவர்கள் இவர்கள். இரண்டு பக்கமும் சமம் என்பதுதான் அவர்களுக்கு அதன் பொருள். பைதனில் அது ஒரு செயல்: வலப்பக்கத்தைக் கணித்து முடி, வந்த விடையை இடப்பக்கப் பெயரில் வை. இதை வாயால் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டலை நம்பாமல் இதை வெண்பலகையில் எழுதுங்கள்:

அ = 5
ஆ = அ
அ = 9
பிரிண்ட்(ஆ)

விடைகள்: 1) 5, 2) 9, 3) 14, 4) பிழைச் செய்தி வரும். கணினி எல்லாம் மூடியிருக்கட்டும். ஒரு நிமிடம் யோசித்து, விடையின் இலக்கத்தை விரலால் நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளை பார்க்கக்கூடாது. பிறகு பக்கத்தவரோடு மூன்று நிமிடம் கதைக்கவிட்டு மறுபடி காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்ட் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இது, புரோகிராமிங்குக்கு அப்படியே பொருந்தும். முதல் தடவையே பத்துக்கு ஏழுபேருக்கு மேல் சரியென்றால் கதைக்கவிடாமல் மேலே போங்கள். மூன்றுபேருக்குக் குறைவென்றால் கதைத்தும் பயனில்லை, நீங்கள்தான் திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நடுவில் இருந்தால் பிள்ளைகளின் வாக்குவாதம் உங்கள் விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

சரியான விடை 5. ஒன்பது என்று காட்டியவர், ஆ என்பது அ-வோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறார். பதினான்கு என்றவர் பழைய பெறுமதிக்கு மேல் புதிதும் சேரும் என்று நினைக்கிறார். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. முதலாமவருக்குப் பெறுமதி நகலாகப் போவதைக் காட்டவேண்டும். இரண்டாமவருக்கு ஒரு பெயரில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்கும் என்பதை. பிழையான விடைகளை இப்படி யோசித்துத் தயாரிப்பதில்தான் ஆசிரியரின் வீட்டுவேலை இருக்கிறது. சும்மா ஒரு எண்ணைப் போட்டு நிரப்பினால் கேள்வி வீண்.

அடுத்து சுவட்டு அட்டவணை. கொப்பியில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல், ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிரை. வரி ஓடியதும் மாறிய பெறுமதியை எழுதி, பழையதைக் கோடிட்டு வெட்ட வேண்டும். அழிறப்பர் பாவிக்கக்கூடாது, வெட்டிய எண்தான் நடந்ததன் பதிவு. இரண்டு மாறிகளின் பெறுமதியை இடம்மாற்றும் கணக்கு இதற்கு நல்ல தொடக்கம். அ 3, ஆ 7 என்று வைத்து, ‘அ = ஆ’, ‘ஆ = அ’ என்று எழுதினால் இரண்டும் 7 ஆகிவிடும். மூன்றாவது மாறி எதற்கு என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை, அட்டவணை சொல்லும்.

மாறிப் பெயர்களைத் தமிழில் வைத்தாலும் பைதன் 3 ஏற்கும். முதல் இரண்டு வாரம் வெண்பலகையிலும் தாளிலும் அப்படியே எழுதுங்கள். ஆங்கிலத்தில் இருப்பது பைதனுடையது, தமிழில் இருப்பது நாம் வைத்தது என்று கண்ணுக்கே தெரியும். எந்தச் சொல்லை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற குழப்பம் போய்விடும். கணினியில் அடிக்கும்போது கீபோர்ட்டை மாற்றி மாற்றி நேரம் போகும், அங்கே ஆங்கில எழுத்தில் ‘நெல்’, ‘கூலி’ என்று அடிக்கட்டும்.

இந்தக் கட்டத்தில் இன்னொரு பொறி: பாவிப்பவர் அடிப்பதை வாங்கும் இன்புட் கட்டளை கொடுப்பது எப்போதும் எழுத்துச் சரம், எண் அல்ல. இருபதும் ஐந்தும் கொடுத்துக் கூட்டினால் 205 வரும். இதை முன்கூட்டி எச்சரிக்காதீர்கள். 25 வரும் என்று எல்லாரையும் எழுதவைத்துவிட்டு ஓட்டுங்கள். ஊகம் பிழைத்த இடம்தான் நினைவில் நிற்கும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே வரிசை

இங்கிலாந்தில் சூ சென்டன்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் பாடசாலைகளுக்காக வகுத்த ஐந்து படி இருக்கிறது: ஊகி, ஓட்டு, ஆராய், மாற்று, ஆக்கு. ஆசிரியர் தரும் 6 முதல் 10 வரிக் கோட்டை வாசித்து என்ன வரும் என்று கொப்பியில் எழுதுவது முதலாவது. ஓட்டிப் பார்ப்பது இரண்டாவது. ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்டுத் துளாவுவது மூன்றாவது: இந்த வரியை எடுத்தால்? இந்த இரண்டையும் இடம்மாற்றினால்? பிறகு சிறு மாற்றம். கடைசியாகத்தான் வெற்றுத் திரை. பெரும்பாலான வகுப்புகள் ஐந்தாவதிலிருந்து தொடங்குகின்றன, அதுவும் வீட்டுவேலையாக. ஒரு மணித்தியாலப் பாடத்தில் முதல் மூன்றுக்கும் 35 நிமிடம் கொடுத்தால் அளவாக இருக்கும். ஊகத்தை வாயால் சொல்லவிடாதீர்கள், எழுதவையுங்கள். எழுதாத ஊகம் விடை வந்ததும் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ ஆகிவிடும்.

நிபந்தனைப் பாடத்துக்குத் தவணைப் பரீட்சைத் தரம் கைவசம் உள்ள உதாரணம்: 75க்கு ஏ, 65க்கு பி, 50க்கு சி, 35க்கு எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. 35ஐ முதலில் சோதிக்கிற கோட்டைக் கொடுத்தால் 82 எடுத்தவருக்கும் எஸ் வரும். எலிஃப் (‘முந்தியது இல்லாவிட்டால், இப்படியென்றால்’) போடவேண்டிய இடமெல்லாம் வெறும் இஃப் (‘இப்படியென்றால்’) போட்டு, தரத்தை அங்கங்கே அச்சிடவிட்டால் அதே 82க்கு ஏ, பி, சி, எஸ் நான்கும் வரிசையாக வரும். இரண்டையும் நீங்களே பிழையாக எழுதிக் கொடுத்து ஊகிக்கச் சொல்லுங்கள். சரிபார்க்க 75, 74, 65, 64, 50, 49, 35, 34 ஆகிய எட்டு எண்களையும் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை இங்கேயே தொடங்கிவிடுங்கள். 80ஐயும் 20ஐயும் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு ‘சேர், சரி’ என்று கைதூக்குவார்கள், விடாதீர்கள்.

லூப்: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

84 மணித்தியாலத்தில் 21ஐ லூப்புக்குக் கொடுங்கள். பெறுமதி வைத்தலுக்கு 7, நிபந்தனைக்கு 7, பட்டியலுக்கும் டிக்ஷனரிக்கும் (பெயரைக் கொடுத்தால் அதற்குரிய பெறுமதியைத் தரும் தொகுப்பு) 14, ஃபங்ஷனுக்கு (பெயர் வைத்து வேண்டியபோது அழைக்கும் கோட் துண்டு) 14, கோப்புக்கும் செயற்றிட்டத்துக்கும் 21. சமமாகப் பிரிக்கிற பாடத்திட்டம் பார்க்க அழகாக இருக்கும், லூப்பில் உடையும்.

முதலில் சின்னது. ரேஞ்ச்(1, 5) என்றால் 1, 2, 3, 4. ஐந்து வராது. இதைக் காரணத்தோடு ஒருமுறை சொல்லிவிட்டுக் கடந்து போங்கள், பயிற்சியில் பழகிவிடும்.

பெரியது மழைக் கணக்கு. எலியட் சொலோவே 1986இல் எழுதிய கட்டுரையோடு பெயர்பெற்ற கணக்கு இது. தொடக்கக்காரர் எங்கே தடக்குகிறார்கள் என்று பார்க்க உலகம் முழுவதும் பாவிக்கிறார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற ஊரில் மழையளவுக்கு விளக்கம் வேறு தேவையில்லை. கணக்கு: நாளாந்த மழையை மில்லிமீற்றரில் ஒவ்வொன்றாக வாங்கு. 99999 வந்தால் நிறுத்து. மறை எண் வந்தால் அது மழைமானியின் பிழை, கணக்கில் எடுக்காதே. கடைசியில் சராசரியை அச்சிடு.

எல்லாருக்கும் ஒரே தரவைக் கொடுங்கள்: 12, 0, 30, -1, 6, 99999. சரியான விடை 12, அதாவது 48ஐ நான்கால் பிரிப்பது. இந்த ஆறு எண்களையும் இப்படித் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பிழையும் ஒவ்வொரு விடையாக வரும். திரையைப் பார்த்ததுமே பிள்ளையின் கோட்டைத் திறக்காமல் எங்கே கோளாறு என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

16 வந்தால் மழை பெய்யாத நாளை, அந்த பூச்சியத்தை, எண்ணாமல் விட்டிருக்கிறார். ‘பூச்சியத்தைவிடப் பெரிது’ என்று எழுதியிருப்பார், ‘பெரிது அல்லது சமம்’ என்று எழுதவேண்டிய இடம். 9.4 வந்தால் மறை எண்ணும் சேர்ந்துவிட்டது. 20009.4 வந்தால் நிறுத்தச் சொல்லும் 99999ஐயே மழையாகக் கூட்டியிருக்கிறார், வாங்கிய பிறகு சோதிக்காமல் கூட்டிவிட்டுச் சோதித்ததால் வந்தது. 6 வந்தால் மொத்தத்தையும் எண்ணிக்கையையும் பூச்சியமாக்கும் வரிகள் லூப்புக்குள் போய்விட்டன. ஒவ்வொரு சுற்றிலும் அழிந்து, கடைசி நாள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1.5 வந்தால் மொத்தம் மட்டும் உள்ளே போயிருக்கிறது, எண்ணிக்கை வெளியே. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடையைச் சொல்லிக் கொடுக்காமல் அட்டவணைக்கு அனுப்புவதுதான் திருத்தம். உரையாடல் இப்படி இருக்கலாம்:

‘சேர், ஆறு வருது.’
‘சரி தங்கச்சி, ரெண்டாம் சுற்று தொடங்கேக்க மொத்தத்தில என்ன இருக்கு? அட்டவணையில எழுதிக் காட்டுங்கோ.’
‘பன்னிரண்டு.’
‘அடுத்த வரி எது?’
‘மொத்தம் சமன் பூச்சியம்... ஐயோ.’

அந்த ‘ஐயோ’ வரும்வரை பேசாமல் நிற்க வேண்டும். கஷ்டமான காரியம்தான்.

சரியான விடை எடுத்தவர்களுக்கு இரண்டாம் சோதனை: முதல் எண்ணாகவே 99999ஐக் கொடுக்கச் சொல்லுங்கள். பூச்சியத்தால் பிரித்த பிழை வரும். மழைத்தரவே இல்லாவிட்டால் என்ன அச்சிட வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

இந்தக் கணக்கை வெற்றுத் திரையில் தொடங்க முடியாமல் திணறுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத் தாள் கீலங்கள். சரியான கோட்டை ஒரு வரி ஒரு கீலமாக வெட்டி, இரண்டு பொய் வரிகளையும் கலந்து ஒரு கடித உறையில் போட்டுக் கொடுங்கள். மேசையில் வரிசைப்படுத்த வேண்டும். உள்தள்ளலுக்காக ஒரு ஏ4 தாளில் மூன்று நிலைக்கோடு கீறிக் கொடுத்தால், எந்த வரி லூப்புக்குள், எது வெளியே என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். டேல் பார்சன்ஸும் பட்ரிசியா ஹேடனும் 2006இல் நியூசிலாந்தில் எழுதிவைத்த வகைப் பயிற்சி இது. இலக்கணப் பிழைக்குப் பயந்து யோசனையைக் கைவிடுகிற பிள்ளைக்கு இதைப்போல உதவுவது வேறில்லை. கரண்ட் போன நேரத்துக்கும் இதுதான்.

ஃபங்ஷன், சுருக்கமாக

இங்கே உள்ள ஒரே பெரிய குழப்பம் பிரிண்ட்டும் ரிட்டர்னும். திரையில் 3000 தெரிகிறது என்பதால் ஃபங்ஷன் 3000ஐத் திருப்பித் தந்தது என்று நினைப்பார்கள். கூலியைக் கணக்கிட்டு அச்சிடும் ஃபங்ஷன் ஒன்றைக் கொடுத்து, ‘மொத்தம் = கூலி(2) + 500’ என்று எழுதச் சொல்லுங்கள். 3000 அச்சாகும், உடனேயே நன் (‘ஒன்றும் இல்லை’) என்பதோடு எண்ணைக் கூட்ட முடியாது என்று டைப் எரர் வரும். அந்தச் செய்தியை அவர்கள் சத்தமாக வாசிக்கட்டும். இதன்பிறகு விதி ஒன்று வையுங்கள்: ஃபங்ஷனுக்குள் பிரிண்ட் கூடாது, அச்சிடுவதெல்லாம் வெளியே. நிபுணர்கள் மீறலாம்; எட்டாம் வாரத்தில் மீறக்கூடாது.

ஆசிரியர் அடித்துக் காட்டும்போது

சிலைட்டில் முடிந்த கோட்டைக் காட்டாதீர்கள். பிள்ளைகளின் முன்னால் ஒவ்வொரு வரியாக அடியுங்கள், அடிக்கும்போதே ஏன் என்று வாயால் சொல்லுங்கள். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக்கூடாது. வெயில் வரும் மண்டபத்தில் கறுப்புப் பின்னணி தெரியவே தெரியாது, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தை வையுங்கள். பிழை வரும், மறைக்கவேண்டாம். பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கும் முறையை அப்போது காட்டலாம்: கடைசி வரி என்ன வகைப் பிழை என்று சொல்கிறது, அதற்கு மேலே எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று இருக்கிறது. அடைப்புக்குறியை மூட மறந்தால் பழைய பைதன் பதிப்புகள் அடுத்த வரியைத்தான் குற்றம் சொல்லும். காட்டிய வரி சரியாக இருந்தால் அதற்கு மேல் வரியைப் பார் என்று சொல்லிவையுங்கள்.

தமிழ்மொழிமூலம் படித்த பிள்ளைக்குச் சிவப்பு ஆங்கில எழுத்தைக் கண்டால் கண் தானாக விலகும். முதல் ஆறு வாரத்தில் வருகிற பிழைகள் பெரும்பாலும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும்: நேம் எரர், சின்டக்ஸ் எரர், இன்டென்டேஷன் எரர், டைப் எரர், வல்யூ எரர், இன்டெக்ஸ் எரர், கீ எரர். ஏழையும் சுவரில் பெரிதாக ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் ஒரே ஒரு வரிக் காரணம் எழுதுங்கள். உதவிக்குக் கைதூக்குமுன் சுவரைப் பார்த்து வகையைச் சொல்லவேண்டும் என்பது விதி.

மேசையில் ஒவ்வொரு சோடிக்கும் பச்சை, சிவப்பு என்று இரண்டு ஒட்டுத்தாள். வேலை முடிந்தால் பச்சையைத் திரையில் ஒட்டு, மாட்டிக்கொண்டால் சிவப்பை. கைதூக்கினால் கையை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. வெட்கப்படுகிற பிள்ளை தூக்கவும் மாட்டாது. எட்டுச் சிவப்பு ஒரே நேரத்தில் தெரிந்தால் ஓடித்திரியாதீர்கள், கணினிகளை மூடச்சொல்லிப் பொதுவாக ஒருமுறை விளக்குங்கள். உதவிக்குப் போகிறவர், அது உதவி ஆசிரியராக இருந்தாலும், பிள்ளையின் கீபோர்ட்டைத் தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.

சட்ஜிபிடி

தடை போட்டுப் பயனில்லை. எல்லார் போனிலும் இருக்கிறது. ஆறாம் வாரம் வரை வகுப்பு வேலைக்குப் பாவிக்க வேண்டாம் என்று கேளுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள்: அது தரும் விடை பெரும்பாலும் ஓடும், ஓடுவதால் ஒன்றும் விளங்காமலே அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். அதன் பிறகு பாவிக்கலாம், ஆனால் கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் வாய்மொழிச் சோதனை உண்டு. நீங்கள் ஒரு வரியைத் தொட்டு, ‘இதை எடுத்தால் என்ன நடக்கும்?’ என்று கேட்பீர்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், இருபது பேருக்கு ஒரு மணித்தியாலம். எழுத்துப் பரீட்சை வைத்துத் திருத்துவதைவிடக் குறைந்த நேரம்தான்.

செயற்றிட்டம்

ஊருக்குள் நடக்கிற வேலையாக இருக்கட்டும். கடைக் கடன் கொப்பி நல்ல தெரிவு: ஆளின் பெயர், திகதி, தொகை, கட்டியது, மிச்சம். சின்னதாகத் தெரியும், ஆனால் படித்த எல்லாம் இதற்குள் வந்துவிடும். மூன்று கட்டமாகப் பிரியுங்கள். முதல் வாரம் நினைவகத்தில் மட்டும், டிக்ஷனரிப் பட்டியலாக. இரண்டாம் வாரம் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) எழுதி வாசிப்பது. மூன்றாம் வாரம் தேடலும் மாதக் கணக்கும். ஒவ்வொரு வாரமும் ஓடுகிற ஒன்றைக் காட்ட வேண்டும்; மூன்றையும் சேர்த்துக் கடைசி ஞாயிறில் காட்டவிட்டால் யாரும் காட்டமாட்டார்கள்.

இதில் கட்டாயம் வரும் கோளாறுகள். பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் தட்டுப்பட்டால் ஒரே சிவா இரண்டு ஆளாகிவிடுவார். வாங்கியதும், ஓரத்து வெற்றிடங்களை வெட்டும் ஸ்ட்ரிப் கட்டளையைப் போடவேண்டும். தொகையைத் தசமமாக வைத்தால் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 என்று வரும். சதமாக மாற்றி முழுவெண்ணாக வையுங்கள், காட்டும்போது மட்டும் நூறால் பிரியுங்கள். விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) சொல்லாவிட்டால் தமிழ்ப் பெயரை எழுதும் இடத்தில் யூனிகோட் பிழை வந்து நிற்கக்கூடும். யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் எழுதும், ஆனால் அதையே எக்செலில் நேரே திறந்தால் பூச்சி எழுத்தாகத் தெரியலாம். பைதனில் ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்து எழுதினால் எக்செலும் சரியாகத் திறக்கும். பெயர் நிரலை இத்தனை எழுத்து அகலம் என்று ஒழுங்குபடுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: ‘வன்னி’ என்ற சரத்தின் நீளம் பைதனுக்கு 5. நமக்கு மூன்று எழுத்து, அதற்குப் புள்ளியும் விசிறியும் தனித்தனிக் குறியீடுகள். இதை ஏன் என்று கேட்டுத் துருவுகிற பிள்ளை ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும், அவர்களுக்கு யூனிகோடைக் காட்டிவிடுங்கள். மற்றவர்களுக்கு இப்போது தேவையில்லை.

மறதியும் வராத நாளும்

ஒரு கிழமை இடைவெளியில் நடக்கிற வகுப்பு என்பதால் ஐந்து நாள் மறதி ஒவ்வொரு சனியும் உள்ளே வரும். முதல் 15 நிமிடம் கொப்பி மூடி, தாளில் நான்கு கேள்வி: இரண்டு போன வாரத்திலிருந்து, ஒன்று மூன்று வாரத்துக்கு முந்தியது, ஒன்று முதல் வாரத்தது. புள்ளி போடாதீர்கள், திருத்தி அவர்களிடமே கொடுங்கள். நீங்கள் பார்க்கவேண்டியது எந்தக் கேள்வியை அதிகம் பேர் விட்டார்கள் என்பதை மட்டும். அன்றைய பாடம் அங்கிருந்து தொடங்கும், திட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

வகுப்புக்கு வராத பிள்ளைக்குக் குறிப்பின் படம் எடுத்து அனுப்பினால் அது பார்க்கப்படாமலே போனில் கிடக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கச் சுவட்டுத் தாள் தயாரித்து ஒரு பெட்டியில் வரிசையாக வையுங்கள். வராதவர் அடுத்த சனி எட்டு மணிக்கே வந்து, உதவி ஆசிரியர் ஒருவரோடு இருந்து, விட்ட பாடத்தின் தாளைப் பென்சிலால் நிரப்பிவிட்டுத்தான் கணினியைத் திறக்கவேண்டும். இரண்டு கிழமை தொடர்ந்து வராதவருக்கு வீட்டுக்குப் போன் எடுக்கவேண்டும். தாய் தகப்பனோடு கதைத்தால் பஸ்ஸா, வயலா, பாடம் விளங்காததா என்று அன்றே தெரிந்துவிடும். விளங்காததுதான் காரணமென்றால் அடுத்த சனி அந்தப் பெட்டியின் முதல் தாளிலிருந்து தொடங்குங்கள்.